கணவர் கிழக்கு லண்டனில், நான் திருகோணமலையில்: துணைவர் விசாவா, தாதியருக்கான தொழில் அனுமதியா?

கேள்வி: உவர்மலைவாசி
2025 செப்டெம்பர் 14

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. திருகோணமலை உவர்மலையில் பெற்றோருடன் வசிக்கிறேன். மட்டக்களப்புத் தாதியர் கல்லூரியில் பயிற்சி முடித்து, ஆறு வருடங்களாக அரச வைத்தியசாலை ஒன்றில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். என் கணவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர்; ஈஸ்ட்ஹாமில் இன்னும் இருவருடன் ஒரு வீட்டைப் பகிர்ந்து இருக்கிறார். 2023 ஆவணியில் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவில் எங்கள் திருமணம் பதிவானது. அதன் பிறகு அவர் இரண்டு முறை விடுமுறையில் வந்து போனார். இரண்டு வருடத் திருமண வாழ்க்கையில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் ஒன்பது கிழமைகள்தான்.

எங்கள் பிரச்சினை அவருடைய வருமானம். கடையொன்றில் கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்கிறார். வருடத்துக்கு 25,500 பவுண் வருகிறது. துணைவர் விசாவுக்கு 29,000 பவுண் காட்ட வேண்டும் என்பதால் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. என் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாமா என்று விசாரித்தபோது, இலங்கையில் உழைப்பது கணக்கில் வராது என்றார்கள். சென்ற வருடம் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தேன். கணவர் அங்கே இருப்பதால் நான் திரும்பி வருவேன் என்று நம்ப முடியவில்லை எனக் கூறி நிராகரித்துவிட்டார்கள்.

இப்போது கணவரின் நண்பர் ஒருவர், "துணைவர் விசாவை மறந்துவிடுங்கள். உங்கள் மனைவி தாதி, அவர் தன் தகுதியிலேயே தொழில் அனுமதி எடுத்து வரட்டும்" என்கிறார். கேட்க நன்றாக இருந்தாலும் எனக்கு மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. கணவர் அங்கே இருக்கும்போது மனைவி வேலை விசாவில் போவதை அதிகாரிகள் குறுக்குவழி என்று பார்ப்பார்களா? அப்படியே வேலை கிடைத்தாலும் அது ஸ்கொட்லாந்தில் கிடைத்துவிட்டால், நான் போவதன் நோக்கமே கெட்டுவிடாதா? போன பிறகு வேலை விசாவில் இருந்து துணைவர் விசாவுக்கு மாறிக்கொள்ள முடியுமா? அரச வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பிறகு வருந்தக்கூடாது என்று அம்மா தினமும் சொல்கிறார். இந்த வழியில் உண்மையிலேயே போனவர்கள் பதில் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: மூதூர்த் தாதி

தங்கச்சி, நானும் உங்கள் மாவட்டத்தவள்தான். 2022 இல் இதே வழியில் வந்து, இப்போது எசெக்ஸில் ஒரு வைத்தியசாலையில் பதிவு பெற்ற தாதியாக வேலை செய்கிறேன். எனக்கு இங்கே கணவர் இருக்கவில்லை. ஆகையால் உங்கள் கேள்வியின் அந்தப் பாதியை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, வேலைப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் சந்தேகத்துக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். வேலை விசா உங்கள் தொழிலையும் சம்பளத்தையும் அனுசரணை தரும் தொழில்தருநரையும் பார்த்துக் கொடுக்கப்படுவது. கணவர் பிரித்தானியாவில் இருப்பது அதற்குத் தடையில்லை. சுற்றுலா விசாவைப் போலத் திரும்பி வருவேன் என்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் கணவரைப் பற்றியும், நிராகரிக்கப்பட்ட சுற்றுலா விசாவைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்தது பிடிபட்டால் பத்து வருடத் தடை வரலாம், அதற்குப் பிறகு துணைவர் விசாவும் சிக்கலாகலாம்.

எந்த விசா எடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னரே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இங்கு தாதியாக வேலை செய்ய என்.எம்.சி என்னும் பிரித்தானியத் தாதியர் பேரவையில் பதிவு வேண்டும். அதற்கு முதற்படி ஆங்கிலப் பரீட்சை. நாங்கள் தாதியர் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தோம் என்று சொன்னால் மட்டும் போதாது. ஐ.ஈ.எல்.ரீ.எஸ் அக்கடமிக் என்றால் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஆகிய மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.ஈ.ரீ என்றால் மூன்றில் பி, எழுத்தில் சீ பிளஸ் போதும். என் அனுபவத்தில் எங்கள் பிள்ளைகள் சறுக்குவது எழுத்தில்தான். வாட்டில் தினமும் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுகிறோமே என்ற நம்பிக்கையில் போய், கட்டுரை எழுதச் சொன்னதும் கை நின்றுவிடுகிறது. எனக்கு முதல் தடவை 6 தான் வந்தது.

அதன்பின் கணினியில் எழுதும் சீ.பி.ரீ பரீட்சை, அதைக் கொழும்பிலேயே எழுதலாம். ஒரு பகுதி மருந்தளவுக் கணக்கு, மற்றது தாதிமை அறிவு. 2025 நிலவரப்படி அதற்கு 83 பவுண், என்.எம்.சி உங்கள் தகுதியைப் பரிசீலிக்க 140 பவுண். இலங்கைத் தாதியர் பேரவை உங்கள் பதிவை நேரடியாக என்.எம்.சிக்கு உறுதிப்படுத்த வேண்டும். என் கோவை அதிக நாள் கிடந்தது அந்தக் கட்டத்தில்தான், ஆகவே அந்தக் கடிதத்தை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு வேலைக்கு விண்ணப்பித்து, காணொளி நேர்முகத்தில் தெரிவானால், வைத்தியசாலை உங்களுக்கு அனுசரணைச் சான்றிதழ் தரும். எல்லோரும் சீ.ஓ.எஸ் என்று சொல்வது அதைத்தான். அதை வைத்து சுகாதாரப் பராமரிப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்; 2025 நிலவரப்படி மூன்று வருடம் வரைக்கும் 304 பவுண், மற்ற விசாக்காரர் அரச வைத்திய சேவைக்காகக் கட்டும் சுகாதார மேலதிகக் கட்டணம் இல்லை. கொழும்பில் ஐ.ஓ.எம் என்னும் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பின் நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லுபடியாகும் என்பதால் அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்துவிடாதீர்கள். சுகாதாரத் துறைக்கு என்பதால் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்பார்கள். வெளிநாட்டில் இருந்து விண்ணப்பித்தால் பெரும்பாலும் மூன்று கிழமைக்குள் முடிவு வந்துவிடும்.

வந்து இறங்கியதும் முடிந்துவிடவில்லை. வேலை தொடங்கும் திகதியில் இருந்து 12 கிழமைக்குள் ஓஸ்கி என்னும் செய்முறைப் பரீட்சைக்கு முதல் தடவை உட்கார வேண்டும். வெவ்வேறு செயல்களைச் செய்துகாட்டும் பத்து நிலையங்கள், 2025 நிலவரப்படி கட்டணம் 794 பவுண். பல வைத்தியசாலைகள் முதல் தடவைக்குத் தாங்களே கட்டுகின்றன. அதில் சித்தியடைந்து, 153 பவுண் கட்டிப் பதிவான பிறகுதான் பாண்ட் 5 என்னும் பதிவு பெற்ற தாதியருக்கான ஆரம்பத் தரச் சம்பளம். இங்கிலாந்தில் 2025 நிலவரப்படி அதன் ஆரம்பம் வருடத்துக்கு 31,049 பவுண். அதுவரை படி குறைந்த சம்பளம்தான். நான் ஒரேயொரு நிலையத்தில் தவறி அதை மட்டும் திரும்பச் செய்தேன். இருபது வருடம் வாட்டில் கை கழுவினவர்கள் கூட அங்கே கை கழுவும் ஒழுங்கை மறந்துவிடுகிறார்கள்.

இடம் பற்றிக் கேட்டீர்கள். 2022, 2023 இல் வெளிநாட்டுத் தாதியரை அள்ளி எடுத்த காலம் இப்போது இல்லை. லண்டனுக்குள் இருக்கும் வைத்தியசாலைகளுக்கு ஏற்கெனவே பதிவு பெற்றவர்களே தாராளமாகக் கிடைக்கிறார்கள். ஆகவே ஈஸ்ட்ஹாமை வரைபடத்தில் வைத்து வட்டம் போடாமல், ரயில் பாதையைப் பாருங்கள். ஈஸ்ட்ஹாமுக்கு அடுத்த நிலையம் பார்க்கிங். அங்கிருந்து சவுத்எண்ட் போகும் ரயிலில் பாசில்டன் அரை மணித்தியாலம் கூட இல்லை. றொம்ஃபோர்ட், தேம்ஸுக்கு அக்கரையில் டார்ட்ஃபோர்ட் ஆகிய இடங்களும் அன்றாடம் போய்வரக்கூடிய தூரமே. மூதூரில் இருந்து திருகோணமலைக்கு வேலைக்கு வந்துபோன எனக்கு இதெல்லாம் தூரமாகவே தெரியவில்லை.

பதில்: கணக்குப்பிள்ளை

உவர்மலைவாசிக்கு வணக்கம். நான் ஹறோவில் கணக்காளராக வேலை செய்கிறேன். சொந்த ஊர் திருகோணமலை. மூதூர்த் தாதி சொன்ன வழி நல்ல வழி. ஆனால் "துணைவர் விசாவை மறந்துவிடுங்கள்" என்ற அந்த நண்பரின் கூற்றை நான் ஏற்கமாட்டேன். உங்கள் கணவர் கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே கைவிட்டதாகத் தெரிகிறது.

29,000 பவுண் என்ற எல்லை 2024 ஏப்ரல் 11 இல் வந்தது. அதற்கு முன்னர் அது 18,600 ஆக இருந்தது. நீங்கள் 2023 இல் திருமணம் முடித்த கையோடு விண்ணப்பித்திருந்தால் அவருடைய சம்பளமே போதுமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள். இப்போது குறைவது 3,500 பவுண். 21 வயதும் அதற்கு மேற்பட்டோருக்குமான குறைந்தபட்ச ஊதியம் 2025 நிலவரப்படி மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸ். அந்த ஊதியத்திலேயே பார்த்தாலும் கிழமைக்கு ஐந்தரை மணித்தியாலத்துக்குச் சற்றே கூடிய மேலதிக வேலையில் அது நிரம்பிவிடும். சனிக்கிழமை ஒரு நாள் இரண்டாவது வேலை எடுத்தால் போதும். இரண்டு வேலையிலும் ஆறு மாதம் நிறைந்து, ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கூற்றில் விழுந்த தொகையும் ஒத்துப்போக வேண்டும். நிலையான சம்பளத்துக்கு ஆறு மாதத்தில் மிகக் குறைந்த மாதத்தை வைத்தும், மணித்தியாலக் கணக்கில் மாறும் சம்பளத்துக்குச் சராசரியை வைத்தும் வருட வருமானத்தைக் கணிப்பார்கள் என்பதால், எல்லையில் ஒட்டிக்கொண்டு நிற்காமல் கொஞ்சம் கூடுதலாக உழைப்பது நல்லது. கையில் காசாகத் தரும் வேலைக்குப் போகவே வேண்டாம், அது இந்தக் கணக்கில் ஒரு சதத்துக்கும் உதவாது.

சேமிப்பைக் காட்டியும் குறையை நிரப்பலாம். ஆனால் அதற்கான வாய்பாடு கடுமையானது: குறையும் தொகையை இரண்டரையால் பெருக்கி, அதனுடன் 16,000 பவுணைக் கூட்ட வேண்டும். உங்களுக்கு அது 8,750 உடன் 16,000, ஆக 24,750 பவுண். அது ஆறு மாதம் கணக்கில் கிடக்க வேண்டும். சனிக்கிழமை வேலை எவ்வளவோ மேல்.

செலவு விடயத்தில் வேலை விசாவே வெல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2025 நிலவரப்படி துணைவர் விசாக் கட்டணம் 1,938 பவுண், 33 மாதத்துக்கான சுகாதாரக் கட்டணம் 3,105 பவுண், ஆக 5,043 பவுண் முதலிலேயே போய்விடும். அத்துடன் மூன்று பேர் பகிரும் வீடு என்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் மட்டுமான ஓர் அறையாவது இருப்பதையும், நீங்கள் சேர்ந்தாலும் வீடு நெருக்கடியாகாது என்பதையும் வீட்டுக்காரரின் கடிதத்துடன் காட்ட வேண்டும்.

நீங்கள் நேரில் வந்திருந்தால் முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று: ஆங்கிலப் பரீட்சைக்குப் பதியும்போது சாதாரண அக்கடமிக்குக்குப் பணம் கட்டாமல் பிரித்தானிய விசாவுக்கென ஏற்கப்படும் ஐ.ஈ.எல்.ரீ.எஸ் யூ.கே.வி.ஐ அக்கடமிக் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டுக்கும் வினாத்தாள் ஒரே தரம். ஆனால் இதன் பெறுபேற்றை என்.எம்.சியும் ஏற்கும், துணைவர் விசாவுக்கும் காட்டலாம். ஓ.ஈ.ரீ எழுதினால் தாதியர் பதிவுக்கு உதவும். துணைவர் விசாவுக்குத் திரும்பவும் வேறொரு பரீட்சை எழுத நேரும்.

2025 யூனில் பிரித்தானிய அரசாங்கத்தின் குடிவரவு ஆலோசனைக் குழு இந்த வருமான எல்லையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 23,000 முதல் 25,000 பவுண் வரை என்பதும் அதில் சொல்லப்பட்ட தெரிவுகளில் ஒன்று. அரசாங்கம் எல்லையைக் குறைக்கவில்லை. குறைக்கட்டும் என்று காத்திருப்பதை நான் யாருக்கும் ஆலோசனையாகச் சொல்ல மாட்டேன்.

பதில்: பாலையூற்றான்

மேலே இருவரும் விரிவாக எழுதிவிட்டார்கள். இந்த இழையை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

என் தம்பி 2023 இல் ஒரு முகவரிடம் 28 இலட்சம் ரூபா கொடுத்து, முதியோர் பராமரிப்பாளர் வேலைக்கென்று சீ.ஓ.எஸ் வாங்கினான். போய்ப் பார்த்தால் அந்த நிறுவனத்திடம் கொடுப்பதற்கு வேலையே இல்லை. வேலை இழந்தால் விசாவைச் சுருக்கி, வேறு தொழில்தருநரைத் தேட 60 நாள்தான் கொடுப்பார்கள். அவனால் முடியவில்லை, திரும்பி வந்தான். கடனை வீட்டுக்காணியை ஈடுவைத்து இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறோம். பராமரிப்பாளர்கள் குடும்பத்தை அழைத்துவருவது 2024 மார்ச் 11 உடன் நின்றது. வெளிநாட்டில் இருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பது 2025 யூலை 22 உடன் முற்றாக மூடப்பட்டது. ஆகவே இன்றைக்கு யாராவது கெயார் விசா எடுத்துத் தருகிறேன் என்று உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்க வேண்டாம்.

பதிவு பெற்ற தாதியர் நிலை வேறு, அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. அதற்கும் சீ.ஓ.எஸ் விலைக்கு வாங்கும் பொருளல்ல. அதன் கட்டணம் தொழில்தருநரைச் சேர்ந்தது, உங்களிடம் அறவிட முடியாது. அனுசரணை உரிமம் பெற்ற தொழில்தருநர்களின் பட்டியலை பிரித்தானிய அரசாங்க இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். இலங்கையில் முகவர் உரிமம் உள்ளவரா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். முகவர் இல்லாமல் சொந்த முயற்சியில் போனாலும் விமானம் ஏறுமுன் பணியகத்தில் பதிய வேண்டும். துணைவர் விசாவில் மனைவியாகப் போகிறவருக்கு அந்தப் பதிவு தேவையில்லை.

கேள்வியாளர்: உவர்மலைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்குப்பிள்ளை அண்ணாவின் பதிலைக் கணவருக்கு அனுப்பினேன். ஐந்தரை மணித்தியாலம் என்பதைப் பார்த்துவிட்டு நீண்ட நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருடமாக நாங்கள் அந்த 3,500 பவுணை ஒரு மலை போல நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது குழப்பம் வேறு திசையில் வந்துவிட்டது. இரண்டு வழியும் திறந்திருந்தால் எதை எடுப்பது? வேலை விசா மலிவு. ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அது வைத்தியசாலையோடு என்னைக் கட்டிவிடும் போலத் தெரிகிறது. வேலை விசாவில் போய் இடையில் மாறியவர்கள் யாராவது இருக்கிறார்களா?

பதில்: நிலாவெளி மகள்

இருக்கிறேன். நான் 2021 இல் வேலை விசாவில் நியூகாசிலுக்கு வந்தேன்; என் கணவர் அப்போது ஹறோவில் இருந்தார். வேலை கிடைத்த சந்தோசத்தில், எந்த ஊர் என்று பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். ஒரே நாட்டுக்குள் போய்விட்டால் மிச்சம் எல்லாம் சுலபம் என்று இருவரும் நினைத்தோம்.

லண்டனுக்கும் நியூகாசிலுக்கும் ரயிலில் மூன்று மணித்தியாலம். கேட்கும்போது கொழும்புக்குப் போவதை விடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் முன்கூட்டியே பதியாத பயணச்சீட்டின் விலையைப் பார்த்தபோதுதான் அந்தத் தூரம் புரிந்தது. என் கடமைப் பட்டியல் கடைசி நேரத்தில் மாறும். அவருக்கு வார இறுதியில்தான் கடையில் கூட்டம். திருகோணமலையில் இருந்தபோது தினமும் இரவு ஒன்பது மணிக்கு வீடியோவில் கதைப்போம், அங்கே அவருக்குப் பின்னேரம். நியூகாசிலுக்கு வந்த பிறகு ஒரே மணிக்கூட்டில் வாழ்ந்தும், இருவரும் களைத்து விழுவதால் கதைப்பது குறைந்தது. அந்த முதல் வருடம் நான் இலங்கையில் இருந்ததை விடத் தூரத்தில் இருந்ததாகவே இன்றும் நினைக்கிறேன்.

ஒரு விடயம் கைகொடுத்தது. முழுநேரத் தாதிக்குக் கிழமைக்கு 37.5 மணித்தியாலம், வாட்டுகளில் பன்னிரண்டரை மணித்தியால நீண்ட கடமைகளாகத் தருவார்கள். ஆகவே மூன்று அல்லது நான்கு நாளைச் சேர்த்துச் செய்துவிட்டுத் தொடர்ந்து விடுப்பு எடுக்கலாம். பொறுப்புத் தாதியிடம் முதல் கிழமையிலேயே உண்மையைச் சொல்லி அந்த ஒழுங்கைக் கேட்டேன், மறுக்கவில்லை. நாங்கள் பிழைத்தது அதனால்தான்.

லண்டனுக்கு மாற நினைத்தபோது ஒப்பந்தத்தை முதன்முறையாக ஒழுங்காக வாசித்தேன். விமானச் செலவு, ஓஸ்கி கட்டணம், ஆரம்பத் தங்குமிடம் என்று வைத்தியசாலை எனக்காகச் செலவழித்ததை, இரண்டு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. மாதம் போகப்போகத் தொகை குறையும் என்றாலும், அப்போது எனக்கு அது பெரிய காசு. கையெழுத்து வைக்குமுன் அந்தப் பந்தியைத் தேடி வாசியுங்கள், தொகை குறைந்துகொண்டு போகும் விதத்தை எழுத்தில் கேளுங்கள். புதிய வைத்தியசாலைக்கு மாறவும் புதிய சீ.ஓ.எஸ், புதிய விசா விண்ணப்பம் வேண்டும். அந்த அனுமதி வரும்வரை அங்கே வேலை தொடங்க முடியாது.

இனி, நீங்கள் கேட்ட மாற்றம். பிரித்தானியாவுக்குள் இருந்தபடியே வேலை விசாவில் இருந்து துணைவர் விசாவுக்கு மாறலாம். நான் 2024 இறுதியில் மாறினேன். இங்கே சட்டப்படி வேலை செய்யும் மனைவியின் சம்பளமும் வருமானக் கணக்கில் சேரும் என்பது உங்களுக்கு முக்கியம். இலங்கைச் சம்பளத்தை ஏற்காத அதே விதி, பாண்ட் 5 சம்பளத்தை ஏற்கும். அதாவது நீங்கள் ஒரு தடவை வேலைக்கு வந்து ஆறு மாதச் சம்பளச் சீட்டுச் சேர்ந்துவிட்டால், கணவரின் 3,500 பவுண் பிரச்சினை இல்லாமலே போய்விடும். உள்ளே இருந்து மாறுவதற்கு 2025 நிலவரப்படி 1,321 பவுண் கட்டணம், 2,587.50 பவுண் சுகாதாரக் கட்டணம்.

ஆனால் நிரந்தர வதிவுரிமைக்கான ஐந்து வருடக் கடிகாரம் மாறும் நாளில் திரும்பப் பூச்சியத்தில் தொடங்கும். வேலை விசாவில் கழித்த வருடங்களைத் துணைவர் விசாவின் ஐந்து வருடத்தோடு கூட்ட முடியாது. நான் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காலத்தை அப்படி விட்டேன். மாறாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடத்தில் விண்ணப்பித்திருக்கலாம். அதை விட்டது சரியா என்று கேட்டால், லண்டனில் எந்த வைத்தியசாலையிலும், விரும்பினால் பகுதி நேரமாகவும் வேலை செய்யலாம் என்ற சுதந்திரம் குழந்தை பிறந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது. என் தோழி ஒருத்தி மாறாமலேயே கணவரின் வீட்டில் இருந்துகொண்டு வேலை விசாவில் தொடர்கிறாள். அதுவும் சட்டப்படி சரியே. இன்னொன்றையும் பாருங்கள்: பிரித்தானிய அரசாங்கம் குடிவரவு பற்றி வெளியிட்ட 2025 மே மாத வெள்ளை அறிக்கையில், வேலை விசாக்காரருக்கு நிரந்தர வதிவுரிமைக் காலத்தைப் பத்து வருடமாக்கும் யோசனை இருக்கிறது. பிரித்தானியக் குடிமகனின் துணைவருக்கு ஐந்து வருடமே தொடரும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் உங்களுக்குத் துணைவர் விசாவே உறுதியான தரை.

அதனால் என் எண்ணம் இதுதான். இரண்டில் ஒன்றை இன்றைக்கே தெரிவுசெய்ய வேண்டியதில்லை. உங்களுக்கு என்.எம்.சி வேலைகள் முடிய எப்படியும் ஆறு ஏழு மாதம் பிடிக்கும். அதே ஆறு மாதத்தில் உங்கள் கணவர் சம்பளச் சீட்டுகளைச் சேர்க்கட்டும். அதற்குள் ஈஸ்ட்ஹாமுக்கு எட்டக்கூடிய வைத்தியசாலை ஒன்று அழைத்தால் வேலை விசாவில் வாருங்கள். தூர ஊர் அழைத்தால் மரியாதையாக மறுத்துவிட்டுத் துணைவர் விசாவில் வாருங்கள். வந்த பிறகு நீங்களே லண்டனில் வேலை தேடலாம், அந்த நேரம் உங்களுக்கு யாருடைய அனுசரணையும் தேவையில்லை. எந்த விசாவில் வந்தாலும் என்.எம்.சிக்காகச் செய்தது வீண்போகாது. என்னைப் போல முதல் வந்த கடிதத்தில் கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

பதில்: மூதூர்த் தாதி

நிலாவெளி மகள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அம்மாவின் கவலைக்கு ஒரு வார்த்தை. அரச வேலையை உடனே இராஜினாமாச் செய்யாதீர்கள். 2022 யூனில் வந்த 14/2022 சுற்றறிக்கை, அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டு வேலைக்குப் போக வழிசெய்தது. நான் அதன் கீழ்தான் வந்தேன். இன்று உங்கள் தரத்துக்கு அது எப்படி நடைமுறையில் இருக்கிறது என்பதையும், பயிற்சிக்காலப் பிணையில் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்பதையும் வைத்தியசாலை நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். சான்றிதழ்களை உறுதிப்படுத்துவதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டாம். திருகோணமலையிலேயே வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தமிழில் உள்ள திருமணச் சான்றிதழைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப்படுத்தி இரண்டு மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள், எந்த விசாவானாலும் தேவைப்படும்.

கேள்வியாளர்: உவர்மலைவாசி
2025 செப்டெம்பர் 27

உங்கள் எல்லோருடைய பதிலையும் அச்செடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சம்பளமற்ற விடுமுறை என்ற சொல் வந்ததும் அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது. நிர்வாகப் பிரிவுக்கு வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்துவிட்டேன். இலங்கைத் தாதியர் பேரவைக்கான விண்ணப்பமும் தபாலில் போய்விட்டது. யூ.கே.வி.ஐ அக்கடமிக்குக்கு நவம்பரில் திகதி கிடைத்திருக்கிறது. இரவுக் கடமை முடிந்து வந்து தினமும் ஒரு கட்டுரை எழுதுகிறேன், எழுத்து இன்னும் 6 இலேயே நிற்கிறது.

கணவர் வரும் சனிக்கிழமையில் இருந்து இல்ஃபோர்டில் ஒரு களஞ்சியசாலையில் எட்டு மணித்தியாலம் வேலைக்குப் போகிறார், சம்பளம் வங்கிக்கே வரும். நேற்று அவரிடம் பாசில்டன் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பதினொரு வருடமாக ஈஸ்ட்ஹாமில் இருக்கும் மனிதர், ஒரு தடவை கூட அந்தப் பக்கம் போனதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய், நிலையத்தில் இருந்து வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துவந்து சொல்வதாகக் கூறியிருக்கிறார்.